வீரபத்திரன் கட்டிய கட்டு

பரமக்குடிக்குத் தெற்கே, மிளகாய் விளையும் ஒரு சிற்றூரில் வீரபத்திரன் கூலிக்கு ஏர் ஓட்டிவந்தான். 1958ஆம் ஆண்டு அவன் மனைவி நாகலெட்சுமியின் மார்பில் இருந்த கட்டி உடைந்து புண்ணாயிற்று. மதுரையில் பார்த்த மருத்துவர், புற்று முற்றிவிட்டது, இனி அறுத்துப் பயனில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

அதன் பிறகு நாகலெட்சுமிக்கு ஒரே ஆசைதான் எஞ்சியிருந்தது. உச்சிப்புளிப் பக்கம் வாழ்க்கைப்பட்ட மகள் செவ்வந்தி வந்து, கடைசிவரை உடனிருக்க வேண்டும். செவ்வந்திக்கோ கைக்குழந்தை. அந்த நாற்றத்தில் பிள்ளையை வைத்திருக்கக் கூடாது என்று மாமியார் தடுத்துவிட்டாள். புண்ணின் வாடை வாசலைத் தாண்டித் தெருவரை வந்துகொண்டிருந்தது உண்மை.

வீரபத்திரன் பரமக்குடிக்கு நடந்துபோய்க் கம்பவுண்டர் தங்கசாமியிடம் புண்ணுக்குக் கட்டுப் போடும் விதத்தைக் கேட்டான்.

“துணிய வெடுக்குன்னு இழுக்காதப்பா, ரத்தம் வந்துரும். காய்ச்சி ஆறவச்ச உப்புத் தண்ணிய ஊத்தி ஊறவிடு. ஈரம் பாத்துத்தானே ஏரப் பூட்டுற? இதும் அப்படித்தான்.”

“வாடைக்கு என்னய்யா செய்ய?”

“அழுகினதக் கழுவிக் கழுவி எடு. தேங்காச் சிரட்டைக் கரியப் பொடிச்சு, துணியில முடிஞ்சு கட்டுக்கு மேல வை. வாடை கொறையும். புண்ணு ஆறாது, தெரிஞ்சுக்க.”

காலையும் மாலையும் அவன் அப்படியே செய்தான். பழைய சேலைகளைக் கிழித்துக் கொதிக்க வைத்து, வெயிலில் உலர்த்தினான்.

“கட்டிக்கிட்டு வந்த நாள்லருந்து என் சேலையத் தொவைக்காத ஆளு. இதுக்குத்தான் சீக்கு வரணும் போல,” என்றாள் நாகலெட்சுமி. சிரித்தபோது புண் இழுத்தது, உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

வாடை மெல்லத் தணிந்தது. அந்தச் சேதி எட்டியதும், பங்குனியில் செவ்வந்தி குழந்தையோடு வந்து சேர்ந்தாள். வாசலிலேயே மூச்சை இழுத்துப் பார்த்தாள்.

“அய்யா, வாடையே இல்லையே! அம்மாவுக்கு ஆறிருச்சா?”

ஆறவில்லை என்றால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடுவாள் என்று நாகலெட்சுமி அஞ்சினாள். “காஞ்சுக்கிட்டு வருதுத்தா,” என்று அவளே முந்திக்கொண்டாள்.

அன்று இரவு பேரன் அவள் பக்கத்தில் உறங்கினான். மறுநாள் காலை செவ்வந்தி பையை எடுத்தாள்.

“அப்ப நான் கெளம்புறேம்மா. அங்கன மிளகாய்ப் பழம் எடுக்குற நேரம், அத்தை ஒத்தையாக் கெடக்குது. ஒனக்குத்தான் சொகமாயிருச்சுல்ல. சித்திரை கழிச்சு வந்து ஒரு மாசம் இருக்கேன்.”

வீரபத்திரன் உண்மையைச் சொல்ல வாயெடுத்தான். நாகலெட்சுமி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். மகள் தெருமுனை திரும்பிய பிறகுதான் விட்டாள். “நேத்துச் சொன்னத இன்னிக்கு மாத்திச் சொன்னா, இருக்க வைக்கப் பொய் சொல்றேன்னுல்ல நெனைப்பா,” என்றாள். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள்.

சித்திரை முடியவில்லை. ஒரு நாள் காலையில், துணி தானாக விடும்வரை பொறுத்துத்தான் எடுத்தான். அப்படியும் உள்ளே ஏதோ ஒரு இரத்தக்குழாய் உடைந்து இரத்தம் பெருகியது. உலர்த்திவைத்த துணி அத்தனையும் வைத்து அழுத்தினான். நிற்கவில்லை.

செவ்வந்தி வந்தபோது பாடை கட்டிக்கொண்டிருந்தார்கள்.

“ஆறிருச்சுன்னுல்ல நம்பிப் போனேன். அம்மாதான் சொல்லல. நீங்களாச்சும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல அய்யா? எம்புட்டுக் கல்நெஞ்சு ஒங்களுக்கு!”

உன் அம்மாதான் தடுத்தாள் என்று அவன் சொல்லவில்லை. கிடத்தியிருந்தவள் மீது பழிபோட்டு மகளை மீட்டுக்கொள்ள அவன் விரும்பவில்லை. காரியம் முடிந்ததும் செவ்வந்தி உச்சிப்புளிக்குத் திரும்பினாள். வீரபத்திரன் அதற்குப் பின்னும் ஏழாண்டு உயிரோடிருந்தான். அவள் அந்த ஊருக்கு வரவேயில்லை.