மாமாவின் இரும்புத் தாச்சி

சான்றிதழ்களை எல்லாம் ஊரில் விட்டுவிட்டு, ஓர் இரும்புத் தாச்சியைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு ஜெர்மனிக்கு வந்த ஒரே அகதி எங்கள் பெரிய மாமாதான். கெல்சென்கிர்ச்சனில் எங்களை வைத்திருந்த அகதி விடுதியில் அம்மா அதில் உருளைக்கிழங்கு பொரித்தால் மூன்று மாடிக்கும் மணக்கும். எனக்கு அந்தப் பொரியல்தான் உயிர்.

பக்கத்து அறைப் பஞ்சாபிக்காரரும் இன்னும் சிலரும் சீக்கியத் தீட்சை பெறும் நாள் வந்தது. நடத்திவைக்க ஐந்து பேர் ரயிலில் வந்தார்கள். துணியில் சுற்றிய வாளைப் பத்திரமாகக் கொண்டுவந்தவர்கள், இரும்புப் பாத்திரத்தை ரயிலிலேயே விட்டுவிட்டார்கள். சர்க்கரைத் தண்ணீரை இரும்பில் ஊற்றி, வாளால் கலக்கினால்தான் அது அமிர்தமாம். அம்மா மீன் வாசம் போக நாலு தரம் தேய்த்துத் தாச்சியைக் கொடுத்தாள்.

“கோயில் காரியத்துக்கு எங்கடை தாச்சியைக் கேட்டு வந்திருக்கினம்” என்று மாமா மாடி மாடியாகச் சொல்லித் திரிந்தார்.

மாலையில் பஞ்சாபிக்காரர் தாச்சியைத் திருப்பிக் கொண்டுவந்து, ஜெர்மன் மொழியில் விளக்கமும் சொன்னார். எட்டு வயதான நான்தான் மொழிபெயர்ப்பாளர். முதன்முதலில் அவர்களுடைய குரு ஐந்து பேருக்கு இதைக் கொடுத்தாராம். ஒருவர் வீட்டில் ஒருவர் கை நனைக்காத ஆட்கள், ஒரே பாத்திரத்தில் குடித்தார்களாம். பிறகு குருவே மண்டியிட்டு அவர்களிடம் வாங்கிக் குடித்தாராம். இன்றும் மிச்சத்தை எல்லோரும் தாச்சியிலேயே வாய்வைத்துக் குடித்தார்களாம்.

“அந்த அஞ்சு பேரிலை ஒராள் முடி வெட்டுற ஆளாம் மாமா. எங்கடை முன்னறை அண்ணை மாதிரி” என்று, அண்ணையை மட்டும் நானாகச் சேர்த்துக்கொண்டேன்.

மாமாவின் முகம் சுருங்கிவிட்டது. முன்னறை அண்ணைதான் விடுதியில் எல்லோருக்கும் முடி வெட்டுவார். மாமா அவரிடம் தலையைக் கொடுப்பார். அவர் நீட்டும் தேநீரை மட்டும் வயிறு சரியில்லை என்று மறுத்துவிடுவார். அந்த வயிறு ஒரு வருடமாகச் சரியாகவே இல்லை.

“இனி இதிலை சமைக்கேலாது” என்றார் மாமா. எனக்கு அழுகை வந்துவிட்டது.

“அப்ப நீங்கள் சாப்பிடாதேங்கோ அண்ணை” என்று அம்மா தாச்சியை அடுப்பில் வைத்து எண்ணெயை ஊற்றினாள்.

மாமா கால்மணி நேரம் தாக்குப்பிடித்தார். பிறகு தட்டோடு வந்து உட்கார்ந்தார்.

“முன்னறை அண்ணையையும் சாப்பிட வரச் சொல்லு” என்றாள் அம்மா என்னிடம். மாமா தட்டிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

ஓடிப்போய்ச் சொன்னேன்.

“ஆர் வரச் சொன்னது?” என்று கேட்டார். அம்மா என்றேன்.

“மாமா நிக்கிறாரோ?”

“ஓம், சாப்பிடுறார்.”

அவர் மறுபடியும், ஆர் வரச் சொன்னது என்று கேட்டார். மூன்று முறை சொன்ன பிறகுதான் சட்டையை மாற்றிக்கொண்டு வந்தார். அந்த அண்ணைக்குக் காது கொஞ்சம் மந்தம் என்றே நான் வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.