சிங்கப்பூரிலிருந்து வந்த மடி

என் மூத்த மகனுக்குக் காது குத்தக் குற்றாலத்துக் கோயிலில் சனிக்கிழமை நாள் குறித்தார்கள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். எனக்குக் கூடப் பிறந்தவன் ஒரே தம்பி. அவன் வேலை பார்த்தது சிங்கப்பூரில். கப்பலில் வர ஒரு வாரம் ஆகும், அவ்வளவு லீவு கிடையாது. "வெள்ளி காலை பிளேனில் புறப்படுகிறேன்" என்று தந்தி அடித்துவிட்டான்.

தென்காசியில் எங்கள் தெருவில் அதுவரை யாரும் விமானம் ஏறியதில்லை. என் மாமியார் நம்பவே இல்லை.

"ஏட்டி, சிங்கப்பூர் என்ன செங்கோட்டையா, ஏறி உக்காந்ததும் இறங்குததுக்கு? அவன் வாரதுக்குள்ள பிள்ளைக்கு மீசை முளைச்சிரும்."

அவர் பேச்சில் மிளகாய் இல்லாத நாளே கிடையாது. அதற்காகவே எனக்கு அவரைப் பிடிக்கும். ஆனால் அந்தத் தடவை உறைத்தது. ஏனென்றால், தம்பி வராவிட்டால் மடி கொடுக்க அச்சன்புதூரிலிருந்து என் பெரியப்பா மகனை வரவழைத்துவிட்டார். கடல் தாண்டி வருகிறவன், பிள்ளையை வேறொரு மடியில் பார்த்தால்? எனக்குச் சோறு இறங்கவில்லை.

பக்கத்து வீட்டு அட்லஸை வாங்கி, பூக்கட்டும் நாரைச் சிங்கப்பூருக்கும் சென்னைக்கும் நடுவே பிடித்தேன். அதே நாரைத் தென்காசியில் வைத்து வடக்கே நீட்டினால், டெல்லியைத் தாண்டிக் காஷ்மீரைத் தொட்டது. எனக்கே பகீரென்றது.

அன்றைக்கு என் கணவர் அருவியில் குளிக்கப் போன இடத்தில், சீசனுக்கு வந்திருந்த சிங்கப்பூர்க்காரர் ஒருவரைப் பிடித்து விசாரித்து வந்தார்.

"காலைல அங்கன காபி குடிச்சிட்டு ஏறினா, மத்தியானச் சாப்பாட்டுக்கு மெட்ராஸாம். அஞ்சாறு மணி நேரந்தானாம். அவங்க கடியாரம் நமக்கு ரெண்டு மணி முன்னால ஓடுதாம், அதுவும் நமக்கு லாபம்."

"கடியாரத்தைத் திருப்பி வச்சா ஊரு பக்கத்துல வந்துருமால?" என்றார் மாமியார்.

நான் விரல் விட்டுக் கணக்குப் போட்டேன். வெள்ளி மத்தியானம் சென்னை, ராத்திரி ரயில், சனி முற்பகல் தென்காசி. வந்துவிடுவான்!

சனிக்கிழமை பிள்ளைக்கு மொட்டை போட்டாயிற்று. ஆசாரி ஊசியோடு காத்திருந்தார். அச்சன்புதூர் அண்ணன் புது வேட்டியில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டான். ஸ்டேஷனுக்குக் கார் கொண்டுபோன கணவரைக் காணோம்.

"நல்ல நேரம் போகுது. பிள்ளையைக் குடுட்டி."

"மாட்டேன் அத்தை."

மாமியாரை எதிர்த்து நான் சொன்ன முதல் வார்த்தை அதுதான். மண்டபமே என்னைத் திரும்பிப் பார்த்தது. அந்த நேரத்தில்தான் வாசலில் கார் ஹாரன். கசங்கிய கால்சட்டையும் முகமெல்லாம் ரயில் கரியுமாகத் தம்பி ஓடிவந்தான்.

"அக்கா, கடலைத் தாண்டினது தெரியல. மெட்ராஸ்ல இருந்து வந்ததுதான் பெரும்பாடு!"

பெரியப்பா மகன் சிரித்துக்கொண்டே எழுந்தான். "வாலே, ஒனக்காகத்தான் இடத்தைச் சூடாக்கி வச்சிருக்கேன். உக்காரு."

தம்பி மடியில் பிள்ளையை வைத்தேன். ஊசி பட்டதும் வீரிட்டான். நான் கண்ணீரும் சிரிப்புமாக நின்றேன்.

"நல்லா அழட்டும்," என்று மண்டபம் அதிரச் சொன்னார் மாமியார். "பிளேன்ல வந்த மாமன் மடிலல்லா உக்காந்திருக்கான்!"