அக்காவின் பிஸ்கட் டின்

அக்கா இதைப் படிக்கமாட்டாள் என்ற தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

எங்கள் குடும்பத்தில் வருமான வரிப் படிவம் நிரப்புவது என் வேலை. புக்கிட் தெங்கா தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருக்கும் அக்கா, ஆண்டுதோறும் தன் வரி இணையதளக் கடவுச்சொல்லை எனக்கு அனுப்பிவிடுவாள். அம்மாவின் டயாலிசிஸுக்குப் பணம் கட்டியவளும் அவள்தான். பெற்றோரின் மருத்துவச் செலவுக்கு, பணம் கட்டிய பிள்ளைக்கு வரிக்கழிவு உண்டு. மூன்று ஆண்டுகளாக அவள் படிவத்தில் அந்த இடத்தை வெறுமையாக விட்டு, என் படிவத்தில் அதை எழுதிக்கொண்டேன்.

பிறகு ஒருநாள் வரி அலுவலகம் என்னிடம் ரசீதுகளைக் கேட்டது. டத்தோ கிராமாட்டில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போனேன்.

"அம்மாவோட ரிசிட் எல்லாம் இருக்கா அக்கா?"

எதற்கென்றுகூடக் கேட்காமல் ஒரு பிஸ்கட் டின்னை எடுத்து நீட்டினாள். ஒவ்வொரு ரசீதிலும் பணம் கட்டியவர் என்ற இடத்தில் அவள் பெயர்.

"எனக்கு இதெல்லாம் தெரியாதுலா தம்பி. நீ பாத்துக்கிறதாலதான் நிம்மதியா இருக்கேன்," என்றாள்.

வரி அலுவலகத்தில் தவறை ஒப்புக்கொண்டு, குறைத்துக் கட்டிய வரியை அபராதத்தோடு கட்டிவிட்டேன். அந்தக் கழிவால் அக்காவுக்குச் சேர வேண்டியிருந்த ஆயிரத்துச் சொச்சம் வெள்ளியை நோட்டுகளாக உறையில் போட்டு, தீபாவளி அன்பளிப்பு அங்பாவ் என்று சொல்லிக் கொடுத்தேன்.

"என் தம்பி கொடுத்தான்!" என்று அக்கம்பக்கமெல்லாம் காட்டினாள். அது அவள் பணம்தான் என்று சொல்ல எனக்கு இன்றுவரை வாய் வரவில்லை.