ஒரே லாட்டுப் பாம்புக்குட்டிகள்

என் கண்ணை நான் நம்பிய அளவுக்கு, திருப்பூரில் வேறெந்த முட்டாளும் எதையும் நம்பியிருக்க மாட்டான். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் சொல்லாவிட்டால் என் மனைவி சொல்லிவிடுவாள்.

பனியன் கம்பெனியில் சாயத்துணிக்கு ஷேட் பார்ப்பது என் வேலை. ஒரே லாட்டில், அதாவது ஒரே தொட்டியில் ஒன்றாகச் சாயமேறி வந்த இரண்டு ரோல்களைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்து, ஒன்று கொஞ்சம் மங்கல் என்று உதட்டைப் பிதுக்க வேண்டும். அதற்குச் சம்பளம் தருகிறார்கள். சம்பளமில்லாமல் வீட்டிலும் பிதுக்குவேன். சட்னியின் பச்சை நேற்றையதைவிட மட்டு என்று சொல்லி, வெறும் இட்லியைத் தின்றுவிட்டு வேலைக்குப் போனதுண்டு.

அப்படிப்பட்ட வீட்டுக்குப் பாம்புக்குட்டிகள் வந்தன. மனைவியின் தம்பி சோமனூரில் தறி ஓட்டுகிறான். மிச்ச நேரத்தில் பாம்பு வளர்க்கிறான். கார்ட்டர் என்று ஒரு வெளிநாட்டுச் சாதி. வனத்துறையில் முறையாகப் பதிவு செய்தது. மனிதனை ஒன்றும் பண்ணாது. முட்டையெல்லாம் இடாமல் அது நேராகக் குட்டி போட்டுவிட்டது. அந்த நேரம் பார்த்து அவன் வீட்டில் கூரையைப் பிரித்து வேலை நடந்தது. தாயை ஒரு நண்பனிடம் விட்டுவிட்டு, குட்டிகளைக் கண்ணாடிப் பெட்டியோடு எங்கள் தலையில் கட்டினான்.

மனைவி ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். “இதுல ஒண்ணு பெட்டிய உட்டு வெளிய வந்தாலும், அன்னைக்கே அத்தனையும் சோமனூர் போயிரோணும். கொண்டுட்டுப் போறது நீங்க. திரும்பி வர்றது உங்க இஷ்டமுங்க.”

கூரையில்லாத வீட்டில் பாவம், அவன் குட்டிகளை எங்கே வைப்பான்? நான் பொறுப்பு என்று நெஞ்சில் கைவைத்துச் சொன்னேன்.

குட்டிகள் பென்சில் கனம்தான். தாய் ஒன்று, பிரசவம் ஒன்று, ஆனால் ஷேட்? சில கரி, சில பாசிப்பச்சை, சிலவற்றுக்கு விலாவெல்லாம் செங்கல் சிவப்பு. எனக்குக் கை சும்மா இருக்கவில்லை. கம்பெனி ஷேட் கார்டை வீட்டுக்கே கொண்டுவந்து கண்ணாடியில் வைத்து, கரி லாட்டு, பாசி லாட்டு, செங்கல் லாட்டு என்று மனதுக்குள் பிரித்துக்கொண்டேன். ஒன்று மட்டும் எந்த லாட்டிலும் சேராமல், பலமுறை துவைத்த சிமெண்டு நிறத்தில், கண்கூட நீலம் பாய்ந்து கிடந்தது. அதன்மேல் எனக்குத் தனிப் பாசம்.

மச்சினனுக்குப் போன் போட்டேன். ஒரே லாட்டில் இவ்வளவு வித்தியாசம் இருந்தால் எங்கள் கம்பெனியில் மொத்தத்தையும் திருப்பி அனுப்பிவிடுவோம் என்றேன்.

“மாமா, பாம்புக்கு டையிங் மாஸ்டர் இல்லீங்க” என்றான்.

கூடப் பிறந்தவை இப்படிப் பலவிதமாய் இருப்பது வழக்கம்தானாம். காட்டில் என்றால் பளிச்சென்று இருப்பதைப் பறவை முதலில் கொத்திவிடும். பெட்டிக்குள் கொத்த ஆளில்லை என்பதால் எல்லா நிறமும் மண்புழு தின்று கொழுக்கும் என்றான்.

தினமும் காலையில் பெட்டியைச் சோதிப்பேன். தலையை எண்ணுவதில்லை. நான் ஷேட் பார்க்கிறவன். எண்ணுவது கீழ்மட்ட வேலை என்று ஒரு நினைப்பு. கரி இருக்கிறது, பாசி இருக்கிறது, செங்கல் இருக்கிறது, சிமெண்டு இருக்கிறது, சரி. ஒரு ஞாயிற்றுக்கிழமை சிமெண்டு இல்லை. முந்தின நாள் புழு போட்டு மூடியை மூடியவன் நான்.

மனைவிக்குத் தெரியாமல் தேட ஒரே வழி, வீட்டைச் சுத்தம் செய்வது. ஒட்டடைக் குச்சியும் கையுமாக நின்ற என்னைப் பார்த்து அவள் கேட்டாள்: “ஏனுங்க, காச்சலா?”

சும்மாதான் என்றேன். அன்று பீரோவை நகர்த்தினேன். பிரிட்ஜுக்குப் பின்னால் கைவிட்டேன். பரண்மேல் ஏறிப் பாத்திரங்களை ஒவ்வொன்றாகக் கவிழ்த்தேன். ஒற்றைக் கொலுசு கிடைத்தது. நான் தொலைக்கவேயில்லை என்று சாதித்திருந்த வண்டிச் சாவியும் கிடைத்தது. பாம்பு கிடைக்கவில்லை. நடுவில் இரண்டு முறை டீ கொடுத்தாள். அந்த அன்பே எனக்குச் சந்தேகம் தந்திருக்க வேண்டும்.

சாயங்காலம் இடுப்பு ஒடிந்துபோய் உட்கார்ந்து, உண்மையைச் சொல்லிவிட்டேன். “ஏம்புள்ள, அந்தச் சிமெண்டுக் கலரு குட்டியக் காணோம். பெட்டியத் தூக்கிட்டுக் கிளம்பறேன்.”

அவள் என்னைப் பெட்டிக்கு முன்னால் நிறுத்தி, எண்ணச் சொன்னாள். எண்ணினேன். ஒன்றும் குறையவில்லை. மூடியைத் திறந்து, மரப்பட்டைக்கு அடியிலிருந்து ஈர்க்குச்சியால் எதையோ தூக்கிக் காட்டினாள். கழற்றிப்போட்ட காலுறை மாதிரி, உள்பக்கம் வெளியே திரும்பிய பாம்புச்சட்டை. தோலுரிப்பதற்கு முன்னால் நிறம் மங்கி, கண் நீலமாகும் என்று அவள் தம்பி பெட்டியை வைத்த அன்றைக்கே சொன்னானாம். நான் அதைக் காதில் வாங்காமல் அப்போதே நிறத்தை ஆராயத் தொடங்கியிருந்தேனாம். செங்கல் லாட்டில் ஒன்று கூடியிருந்ததை இப்போதுதான் கவனித்தேன். எங்கள் தொழிலில் குறைவதுதான் கண்ணில் படும். கூடுவதை யார் பார்க்கிறார்கள்?

அவளும் ஒரு கம்பெனியில் செக்கிங் டேபிளில் பீஸ் எண்ணுகிறவள். குச்சியும் கையுமாக என்னைப் பார்த்ததுமே போய்க் குட்டிகளை எண்ணிவிட்டு, சத்தம் காட்டாமல் டீ போட்டிருக்கிறாள்.

திட்டவும் வாய் வரவில்லை, சிரிக்கவும் இடுப்பு விடவில்லை. “அப்ப, குட்டிங்க இங்கயே இருக்கலாமா?” என்று மெதுவாகக் கேட்டேன்.

பீரோவுக்கு அடியில் பளபளத்த தரையைக் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

“இருக்கட்டுங்க, பொங்கலுக்கு முந்தி இன்னொருக்காத் தொலைச்சுப் போடுங்க.”