முப்பது கையும் எழும் வகுப்பு

ஆலிஸ் டீச்சரைப் பற்றிப் பேசினால் அவள் வகுப்பில் எழும் கைகளைப் பற்றித்தான் முதலில் பேச வேண்டும். எந்தக் கேள்வி கேட்டாலும் முப்பது கையும் எழும். ஒன்றுகூடக் குறையாது. பினாங்கில், கிராமாட் ரோட்டுக்குப் பின்னால் இருந்த அந்த மாதா கோவில் பள்ளிக்கூடத்துக்கு வருஷா வருஷம் இன்ஸ்பெக்டர் துரை வருவார். கதவோரம் பத்து நிமிஷம் நிற்பார், நாலு பிள்ளைகள் டாண் டாண் என்று பதில் சொல்லக் கேட்பார், அத்தனை பேரும் தேறிவிட்டதாக எழுதிவிட்டு டிராம் ஏறிப் போய்விடுவார். பன்னிரண்டு வருஷமாக இப்படியே நடந்தது.

சூட்சுமம் பெரிதாக ஒன்றுமில்லை. பதில் தெரிந்த பிள்ளை வலது கையைத் தூக்க வேண்டும், தெரியாத பிள்ளை இடது கையை. ஆலிஸ் வலது கைகளை மட்டும் எழுப்புவாள். கெட்டிக்காரிதான், இல்லையென்று யார் சொன்னது?

அவளுடைய பொல்லாத காலம், 1931ல் தைப்பிங்கிலிருந்து ஜூலியானா வந்து சேர்ந்தாள். இருபத்து மூன்று வயசு, பயிற்சி முடித்தவள். இரண்டாம் வகுப்பைக் கொடுத்தார்கள். ஆலிஸுக்கு மூன்றாம் வகுப்பு. இரண்டு வகுப்புக்கும் நடுவே ஒரு பலகைத் தடுப்புத்தான். அந்தப் பக்கம் பிள்ளைகள் சிரித்தால் இந்தப் பக்கம் ஆலிஸுக்கு வயிறு பற்றி எரியும். பாடம் நடத்துகிறாளா, கூத்து நடத்துகிறாளா? "தெரியாது டீச்சர்!" என்று அதுகள் வாய் கூசாமல் கத்துகின்றன, அவளும் சேர்ந்து சிரிக்கிறாள்! காலையில் டிராம் நிற்கிற இடத்துக்கே நாலு பிள்ளைகள் ஓடிப்போய் ஜூலியானாவின் குடையை வாங்கிக்கொண்டு வந்தன. பன்னிரண்டு வருஷத்தில் ஆலிஸின் குடையை எவள் தொட்டாள்? ஒருத்தி தொட்டிருப்பாளா?

இதெல்லாம் கிடக்கட்டும். பெரிய வாத்தியார் பெஞ்சமின் அந்தக் கிறிஸ்துமஸோடு ஓய்வு பெறுவதாக இருந்தார். அவர் நாற்காலி தனக்குத்தான் என்று ஆலிஸ் எப்போதோ முடிவு கட்டியிருந்தாள். அதற்கு மெத்தை உறை தைக்கப் பூப்போட்ட துணிகூட வாங்கிப் பெட்டியில் வைத்திருந்தாள்.

ஆகஸ்டு மாசம் புது இன்ஸ்பெக்டரிடமிருந்து இங்கிலீஷில் ஒரு கடிதம் வந்தது. பெஞ்சமினுக்குக் கண்ணில் புரை. ஜூலியானா படித்ததெல்லாம் தமிழில். ஆகவே ஆலிஸ்தான் வாசித்துச் சொன்னாள். இனிமேல் தேறினவர், தவறினவர் என்று தலை எண்ணுவது கிடையாதாம். வகுப்புக்கு வகுப்பு தரம் போடுவார்களாம், முதல் தரம், இரண்டாம் தரம், மூன்றாம் தரம் என்று. நோட்டைப் பார்ப்பார், பாடக் குறிப்பைப் பார்ப்பார், பிள்ளைகள் சொந்தமாக யோசிக்கிறார்களா என்று உட்கார்ந்து பார்ப்பார்.

"நம்ம கோவில் சாமியார் முடிவா சொல்லிட்டாரு," என்றார் பெஞ்சமின். "எந்த வகுப்புக்கு நல்ல தரம் வருதோ, அந்த டீச்சருக்குத்தான் என் நாற்காலி."

கடிதத்தில் கடைசியாக ஒரு வரி இருந்தது. ஆசிரியர்களை வகுப்பு மாற்றிப் பாடம் நடத்தச் சொல்வேன் என்று எழுதியிருந்தார். ஆலிஸ் அந்த வரியைக் கண்ணால் படித்தாள், வாயால் படிக்கவில்லை.

"அவ்வளவுதான் வாத்தியாரே," என்று மடித்து வைத்துவிட்டாள்.

மூன்றாம் வகுப்பில் ஜூலியானா திருதிருவென்று முழிக்கப் போகிறாள்! அந்த நினைப்பே ஆலிஸுக்குத் தேனாக இனித்தது. ஆலிஸ் மட்டும் சும்மா இருப்பாளா? மூன்று வாரம் பலகைத் தடுப்பில் காதை ஒட்டிக்கொண்டு நின்றாள். இரண்டாம் வகுப்பில் என்ன பாடம், எந்தப் பிள்ளை வாயாடி, எது கூச்சப்படும், எல்லாம் அத்துப்படி. ஜூலியானாவோ ஒரு நாள் தடுப்பைத் தாண்டி வந்து, "அக்கா, சுவத்துல படம் ஒட்ட கலர் காகிதம் மிச்சமிருக்கு, வேணுமா?" என்று கேட்டாள். பெரிய தாராளக்காரி! வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள் ஆலிஸ்.

இன்ஸ்பெக்டர் வந்தார். வந்ததும் வகுப்பை மாற்றினார். ஜூலியானா ஒரு நொடி திகைத்து நின்றதை ஆலிஸ் ஆசை தீரப் பார்த்துவிட்டு இரண்டாம் வகுப்புக்குள் போனாள். போய் வெளுத்து வாங்கினாள் என்றே சொல்ல வேண்டும். பேர் சொல்லி எழுப்பினாள், கூச்சப்பட்டதைக் கொஞ்சிக் கேட்டாள், தெரியாது என்றவளுக்குப் புரியும்வரை சொன்னாள். இன்ஸ்பெக்டர் விடாமல் எழுதிக்கொண்டே இருந்தார். பிறகு அடுத்த அறைக்குப் போனார்.

ஆலிஸ் தடுப்பில் காதை வைத்தாள்.

"பிறை ஸ்டேஷன் வரைக்கும் ரயில் வருது. பினாங்குக்கு ஏன் வரல?" என்று கேட்டாள் ஜூலியானா.

கைகள் எழும் சத்தம் கேட்டது. முப்பது கையும் எழுந்திருக்கும். ஜூலியானா முன்வரிசை லெட்சுமியை எழுப்பினாள். சத்தமில்லை. இன்னொருத்தியை எழுப்பினாள். அங்கேயும் சத்தமில்லை. ஐயோ, இடது கைகளை எழுப்புகிறாளே!

"சரி, பயப்படாதீங்க," என்றாள் ஜூலியானா. "தெரியாதவங்க மட்டும் கைய தூக்கியே வச்சிருங்க. மத்தவங்க எறக்குங்க."

"இருபத்திரண்டு," என்று எண்ணிச் சொன்னார் இன்ஸ்பெக்டர், அரைகுறைத் தமிழில். "எல்லாம் இடது கை. ஏன்?"

லெட்சுமி பெருமையாகப் பதில் சொன்னாள். "தெரிஞ்சா சோத்துக் கை, தெரியலேன்னா பீச்சாங்கை, துரை! ஆலிஸ் டீச்சர் சொல்லிக் குடுத்தாங்க."

ரெண்டு வாரத்தில் முடிவு வந்தது. இரண்டாம் வகுப்பு முதல் தரம். மூன்றாம் வகுப்பு மூன்றாம் தரம். தரம் வகுப்புக்குத்தான் என்று தானே வாசித்தவளுக்கு, அடுத்தவள் வகுப்பில் தான் கொட்டிய உழைப்பெல்லாம் அடுத்தவளுக்கே போய்ச் சேரும் என்று தோன்றவில்லை பாருங்கள்! பொறாமை வந்தால் புத்தி எங்கே வேலை செய்கிறது?

ஜூலியானா ஆலிஸின் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினாள். "வகுப்பு மாத்துவாங்கன்னு யாராச்சும் முன்னாடியே சொல்லியிருந்தா, உங்ககிட்ட வந்து உங்க புள்ளைங்க பழக்கத்தக் கேட்டிருப்பேன்லா அக்கா. என்னால உங்களுக்கு இப்படி ஆயிருச்சே."

அவள் திட்டியிருந்தால் தேவலை. அந்த நல்ல மனசுகூட அவளுக்கே வாய்த்திருக்கிறதே என்று அதற்கும் சேர்த்துப் பொறாமைப்பட்டாள் ஆலிஸ்.

ஜனவரியில் ஜூலியானா அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். இரண்டாம் வகுப்பையும் அவளே வைத்துக்கொண்டாள். பூப்போட்ட துணி ஆலிஸின் பெட்டியிலேயே கிடந்தது. முதல் நாள் ஆலிஸ் தன் வகுப்பில் பிரம்பைத் தட்டி, "இனிமே பீச்சாங்கைப் பேச்சே கிடையாது, தெரிஞ்சவ மட்டும் தூக்கு," என்றாள்.

வருஷப் பரீட்சையில் தவறிப்போய் அதே வகுப்பில் மறுபடி உட்கார்ந்திருந்த லெட்சுமி எழுந்தாள்.

"அப்ப, தெரியலேன்னா என்னா செய்யுறது டீச்சர்?"

பன்னிரண்டு வருஷத்தில் யாரும் அவளிடம் இதைக் கேட்டதில்லை. தடுப்புக்கு அந்தப் பக்கம், "தெரியாது டீச்சர்!" என்று ஒரு குரல் கத்தியது, வகுப்பே சிரித்தது. ஆலிஸ் பிரம்பை மேசைமேல் வைத்துவிட்டு, தன் இடது கையைப் பார்த்துக்கொண்டாள்.