மாமா வாங்கிய ஊர்

மாமா விரலை நீட்டிக் காட்டிய இடத்தில் எதுவும் இல்லை. அக்காவுக்குக் கல்யாணமான புதிதில் என்னை நெய்வேலி நிலக்கரிச் சுரங்கத்தின் விளிம்புக்கு அழைத்துப் போயிருந்தார். கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, "அதோ பாரு மச்சான், அங்கதான் எங்க வூடு" என்றார். நான் கீழே பார்த்தேன். மண்வெட்டும் இயந்திரம் ஒன்று ஆழத்தில் பொம்மை மாதிரி சுற்றிக்கொண்டிருந்தது. "கீழ இல்ல, நேரா பாரு" என்று என் தாடையைப் பிடித்து நிமிர்த்தினார். நேரே பார்த்தால் எதிர்க்கரை வரைக்கும் வெறும் காற்று. ஒரு காலத்தில் நிலம் எந்த உயரத்தில் இருந்ததோ அந்த உயரத்துக்குத்தான் அவருடைய விரல் போயிருந்தது. காக்கை ஒன்று அவர் வீட்டுக் கூடத்துக்குள் நுழைந்து சமையலறை வழியாக வெளியே பறந்து போயிற்று. "கதவக்கூடத் தட்டாம போவுது பாருங்க மாமா" என்றேன். அவரும் சிரித்துவிட்டார். அந்த வயதில் எனக்கு எல்லாமே சிரிப்பு. இந்த வயதிலும் அப்படித்தான்.

நிலம் போனதற்குப் பதிலாக மாமாவுக்குச் சுரங்கத்தில் வேலை கிடைத்தது. வேலையோடு நெய்வேலியில் குவார்ட்டர்ஸ். முதலில் ஓர் அறை வீடு, பிறகு இரண்டு அறை, ஃபோர்மேன் ஆனதும் முன்னால் கொய்யா மரம் உள்ள வீடு. ஒவ்வொரு தடவையும் பிளாக் எண் மாறும், தெரு மாறும். பழைய வீட்டுக்கு வந்த கடிதங்கள் அடித்துத் திருத்தப்பட்டு, கசங்கி, தாமதமாக வந்து சேரும். "நான் ஒரே எடத்துலதான் வேல செய்யறேன், என் விலாசம் மட்டும் ஷிப்டு மாறிகினே இருக்குது" என்பார். என் பிழைப்போ இன்னும் வேடிக்கை. டவுன்ஷிப் அலுவலகத்தில் குவார்ட்டர்ஸ் பிரிவில் நான் எழுத்தர். ஓய்வு பெற்றவர்களை வீட்டைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் அடிப்பதுதான் வேலை. முதல் நோட்டீஸ் குழம்புச் சட்டிக்கு அடியில் போகும். இரண்டாவதற்கு, "பொண்ணு ப்ளஸ் டூ முடிக்கட்டும் சார்" என்று ஒரு மனு வரும். மூன்றாவதில் 'இறுதி' என்று அடிக்கோடு போட்டிருப்போம். அதற்கும் ஒன்றும் நடக்காது. அதன் பிறகு எங்கள் ஆள் ஒருவர் நேரில் போவார், அவருக்குக் காப்பி கொடுப்பார்கள், அவரும் குடித்துவிட்டு இன்னும் ஒரு மாதம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வருவார். அதற்கப்புறம்தான் அட்டைப்பெட்டி தேடவே ஆரம்பிப்பார்கள். ஊருக்கே தெரிந்த முறை இது. என் கையாலேயே தட்டச்சு செய்த நோட்டீஸ்களை நானே நம்பியதில்லை. இந்தப் பழக்கத்தைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; என்னைக் கவிழ்த்தது இதுதான்.

மாமாவுக்கும் அக்காவுக்கும் ஒரே மகன். கம்பெனியில் அப்ரண்டிஸ் சேரச் சொல்லி மாமா வாங்கிவந்த விண்ணப்பத்தை அவன் வாரக்கணக்கில் தொடாமலே வைத்திருந்தான். ஒருநாள் பேச்சு முற்றி, "இந்த மண்ணத் தோண்டற வேலைக்கு நான் வர மாட்டேன்" என்றான். தன் ஊரைத் தோண்டிய இடத்திலேயே முப்பது வருடம் உழைத்த மனிதரிடம் அதைச் சொல்லியிருக்க வேண்டாம். மாமாவும், "அப்ப இந்த வூட்டு வாசல மிதிக்காத" என்று சொல்லியிருக்க வேண்டாம். பெரியவர்கள் இப்படி ஆயிரம் சொல்வார்கள், பிள்ளைகள் மறுநாள் சாப்பாட்டுக்கு வந்து உட்கார்ந்துவிடுவார்கள். இவனோ, அப்பா சொன்ன சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டான். இருபத்திரண்டு வயதில், ஒரு பையோடு, மத்தியான பஸ்ஸில் போனவன்தான். சில மாதம் கழித்து மாமாவின் கம்பெனி மின்னஞ்சலுக்கு ஒரு வரி வந்தது: 'நல்லா இருக்கேன். தேட வேணாம்.' எங்கிருந்து என்று இல்லை. மாமா பதில் எழுதினார். அதற்குப் பதில் இல்லை. மறுபடி எழுதினார். "திரும்பி வரலல்ல மச்சான்? அப்ப போய்ச் சேருதுன்னுதான் அர்த்தம்" என்பார். அந்த ஒரு வரியை அச்செடுத்து, சட்டைப் பையில் அடையாள அட்டைக்குப் பின்னால் வைத்திருந்தார்.

ஓய்வு பெறும் மாதத்தில் அவர் என் அலுவலகத்துக்கு வந்தார். "குவார்ட்டர்ஸ விடணும், சரி. மெயிலையும் மூடிடுவாங்களாமே? அவனுக்கு அந்த ஒண்ணுதான தெரியும்." இலவசமாகக் கிடைக்கும் முகவரி ஒன்றை அவர் ஏற்கெனவே திறந்து பார்த்திருந்தார். போன் நம்பர் மாறியதில் அது பூட்டிக்கொண்டு, நீ யார் என்று அவரையே கேட்டுக்கொண்டிருந்தது. "ஓசியில குடுத்தவன் என்னைக்கு வேணா எழுந்திருன்னு சொல்லுவான். நமக்குத் தெரியாததா?" என்றார். கடைத்தெருவில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருப்பவரிடம் அழைத்துப் போனேன்; அவர்தான் ஒரு வழியைச் சொன்னார். சொந்தமாக ஒரு பெயரைப் பதிவு செய்துகொண்டால், '@' குறிக்குப் பின்னால் நம் பெயரே இருக்கும். மெயில் சேவையை யாரிடம் வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம், முகவரி மட்டும் மாறாது. மாமா இரண்டு தடவை கேட்டார்: "யாரும் காலி பண்ணச் சொல்ல முடியாதுல்ல?" "முடியாதுங்க. வருசா வருசம் புதுப்பிச்சிகினே இருந்தா உங்களுதுதான்." என்ன பெயர் வேண்டும் என்று கேட்டதும் மாமா யோசிக்கவே இல்லை. மண்ணோடு போன தன் ஊரின் பெயரைச் சொன்னார். சென்டர்காரர் தட்டிப் பார்த்துவிட்டு, "இருக்குங்க, யாரும் எடுக்கல" என்றார். "யாரு எடுப்பா? ஆளே இல்லியே" என்றார் மாமா.

அந்த ஊரில் மொத்தம் நான்கு பேர் குடியேறினோம். மாமா, அக்கா, நான், அப்புறம் எங்கேயோ இருக்கும் மகன். அவன் பெயரிலும் ஒரு முகவரி போட்டு, கடவுச்சொல்லையும் எழுதி, 'இது இனிமே மாறாது' என்று அவனுடைய பழைய முகவரிக்கு மாமா அனுப்பிவைத்தார். பதில் வரவில்லை, திரும்பியும் வரவில்லை. குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு மாமாவும் அக்காவும் முத்தாண்டிக்குப்பத்தில் சின்னதாக ஒரு வீடு கட்டிக்கொண்டு போனார்கள். அவருக்கான நோட்டீஸை நான் அடிக்கவே வேண்டியிருக்கவில்லை. என் சர்வீஸில் நோட்டீஸ் வருவதற்கு முன்பே சாவியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தவர் அவர் ஒருவர்தான்.

பிறகு மாமாவுக்கு நெஞ்சுவலி. ஆஸ்பத்திரிக் கட்டிலில் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "அந்தப் பேர மட்டும் புதுப்பிச்சிகினே இரு மச்சான், வுட்றாத" என்றார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "மொதல்ல நீங்க உங்கள ரினியூ பண்ணிக்கிங்க மாமா, அப்புறம் பாக்கலாம்." சிரித்தார். சிரித்ததில் இருமல் வந்தது, நர்ஸ் என்னை வெளியே அனுப்பினார். நான் அவரிடம் கடைசியாகப் பேசியது அந்த ஜோக்தான். அதைவிடச் சுமாரான ஜோக்கை நான் அதற்கு முன்னும் பின்னும் சொன்னதில்லை.

மகனுக்கு எழுதிவிடலாம் என்று கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். அக்கா தடுத்தாள். "சாவ லெட்டர்ல சொல்லாத. அம்மா பாக்கணும்ங்கறாங்கன்னு மட்டும் எழுது. வரட்டும், வந்து தெரிஞ்சிக்கட்டும்." அப்படியே எழுதினேன். மாதம் ஒன்றாக எழுதினோம். ஒரு வருடத்துக்குப் பிறகு எங்கள் கடிதங்கள் திரும்பி வர ஆரம்பித்தன: அப்படி ஒரு முகவரியே இல்லையாம். இனி நாங்கள் அவனை எட்ட வழியில்லை. அவனாக எழுதினால்தான் உண்டு, அதுவும் மாமாவின் அந்த ஒரு முகவரிக்கு. தினமும் சாயங்காலம் அக்கா போன் செய்வாள். "தபால் எதாச்சும் வந்துச்சாடா?" "இல்லக்கா." முதலில் பார்த்துவிட்டுச் சொல்வேன். பிறகு வாரம் ஒரு தடவை பார்த்தேன். பிறகு, ஒப்புக்கொள்கிறேன், பார்க்காமலே "இல்லக்கா" என்று சொல்ல நாக்கு பழகிவிட்டது.

அந்தச் சமயத்தில்தான், மாமா சேர்த்துக் கட்டியிருந்த வருடங்கள் முடிந்து, ஊர்ப் பெயரைப் புதுப்பிக்கச் சொல்லும் நோட்டீஸ், பதிவின்போது கொடுத்திருந்த என் வேறொரு மின்னஞ்சல் முகவரிக்கு வந்தது. படித்ததும் எனக்கு ஒரு தொழில்முறைப் புன்னகை. என் நடைதான், அதே மரியாதை, அதே மிரட்டல். முதல் நோட்டீஸ்தானே என்று விட்டேன். இரண்டாவது வந்தது. இதற்கு ஒரு மனு போடலாமா என்று வீட்டில் கிண்டலடித்தேன். மூன்றாவதில் 'இறுதி' என்று இருந்தது. நல்லது, இனிமேல் யாராவது போன் செய்வார்கள், இல்லை ஒருத்தர் வருவார், அப்போது கட்டிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். குடும்பத்தோடு ஒரு வேளை பிரியாணி சாப்பிடுகிற காசு, இல்லாமல் இல்லை. வரப்போகிற ஆளுக்காகக் காத்திருந்தேன், அவ்வளவுதான். உலகம் முழுக்க டவுன்ஷிப் அலுவலகம்தான் நடத்துகிறது என்று நினைத்த முட்டாள் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

மூன்று மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏதோ நினைப்பில் மாமாவின் மின்னஞ்சலைத் திறந்து பார்த்தேன். கடைசியாக வந்த கடிதத்துக்கு மூன்று மாத வயது. அதற்குப் பிறகு ஒரு விளம்பரம்கூட இல்லை. அப்போது நான் செய்த வைத்தியங்களைக் கேட்டால் சிரிப்பீர்கள். போனை அணைத்துப் போட்டேன். மொட்டை மாடிக்கு ஏறி, சிக்னல் கிடைக்கட்டும் என்று கையை மேலே தூக்கினேன். எதிர்வீட்டுக்காரர் பதிலுக்குக் கையாட்டினார். இறங்கிவந்து இணையத்தில் மாமாவின் ஊர்ப் பெயரைத் தட்டினேன். திறந்தது. கிரீடம் வைத்த ஒரு பெண் கண்ணடித்தாள். அவளைச் சுற்றிச் சீட்டுக்கட்டுகள் மழையாகக் கொட்டின. தெரியாத மொழியில் எழுத்துகள் மின்னின. நான் பனியனோடு, லுங்கியோடு, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

கம்ப்யூட்டர் சென்டர்காரர் தலையில் கை வைத்தார். "கெடு முடிஞ்சும் டைம் குடுத்திருப்பாங்களே சார், ரெண்டு மாசத்துக்கு மேல! என்ன சார் பண்ணிகினு இருந்தீங்க?"

"யாராச்சும் வருவாங்கன்னு இருந்தேன்."

"யாரு சார் வருவாங்க?"

பெயரைப் புதிதாக வாங்கியவர்களுக்கு நான்கு தடவை எழுதிப் பார்த்தோம். ஒன்றுக்கும் பதில் வரவில்லை. எனக்கு வேறொன்றுதான் உறுத்தியது. அந்த மூன்று மாதத்தில் அவன் எழுதியிருந்தால் அது திரும்பிப் போயிருக்கும். ஆளில்லை என்று அவனுக்குச் சொல்லியிருக்கும். இனிமேல் எழுதினாலோ திரும்பக்கூடச் செய்யாது. சோதனைக்கு நான் அனுப்பிய கடிதத்தை அந்த ஊர் சத்தமில்லாமல் விழுங்கிக்கொண்டது. அவனும் அவன் அப்பாவைப் போல, திரும்பி வரவில்லை, அதனால் போய்ச் சேர்ந்தது என்றுதான் நினைப்பான். படித்துவிட்டும் நாங்கள் பதில் போடவில்லை என்று நினைப்பான்.

இருபது நாள் அக்காவிடம் சொல்லாமல் இருந்தேன். தினமும் "இல்லக்கா" என்றேன். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை, அதுதான் கொடுமை. இருபத்தோராம் நாள் பஸ் ஏறிப் போனேன். அக்கா முறத்தை மடியில் வைத்து முந்திரிப் பருப்புக்குத் தோல் உரித்துக்கொண்டிருந்தாள். வழியில் யோசித்து வைத்திருந்த வேடிக்கைப் பேச்சு எதுவும் வாயில் வரவில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னேன். அவள் உரிப்பதை நிறுத்தவில்லை. கைப்பிடி பருப்பு முடிந்தது. திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன்; திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அந்த எடத்துல இப்ப யாருடா இருக்காங்க?" என்றாள்.

"தெரியலக்கா. யாரோ சீட்டு வெளையாட வக்கிறவங்க."

"ஆளு இருக்காங்கல்ல? அவங்களுக்கு ஒரு வார்த்த எழுது. கொய்யா மரத்து வூட்டக் காலி பண்ணிகினு வந்தப்ப, அடுத்து வந்த மலையாளத்தம்மாகிட்ட சொல்லிட்டுத்தான வந்தேன், லெட்டரு வந்தா வாங்கி வைங்கன்னு? ஒண்ணு வுடாம அரிசி டின்னு மேல எடுத்து வச்சிகினு இருந்தாங்களே."

"அவங்க மனுசங்கக்கா. இது எங்கியோ ஒரு மிஷினு. தமிழும் தெரியாது."

"அந்தம்மாவுக்கு மட்டும் தெரிஞ்சிதா? எழுதுடா, நான் சொல்றேன்."

சீட்டுக்கட்டுகள் கொட்டும் அந்தப் பக்கத்தின் அடியில் செய்தி அனுப்ப ஒரு பெட்டி இருந்தது. போனை எடுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் முறத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். ஒரு சொல்லையும் திருத்தாமல் அடித்தேன். "ஐயா, இந்த வூட்ல முன்ன நாங்க இருந்தோம். எங்க புள்ள தேடிகினு வந்தா, அவங்கப்பா தவறிட்டாருன்னு நீங்க சொல்லிடாதீங்க. அம்மா முத்தாண்டிக்குப்பத்துல இருக்காங்க, அங்க போன்னு மட்டும் சொல்லி அனுப்புங்க."

அனுப்பப் போனவனின் கையைப் பிடித்தாள்.

"இருடா. பஸ்ஸ வுட்டு எறங்கி எப்பிடி வரணும்னும் போடு. இந்த வூட்ட அவன் பாத்ததில்ல."

போட்டேன். மாவு மில்லைத் தாண்டி இடது பக்கம், மூன்றாவது வீடு, பச்சைக் கதவு.