சத்தம் போடாத நீல டப்பா

கிட்ட வந்து உட்காருங்கள். எங்கள் தொழில் காதுத் தொழில், தள்ளி உட்கார்ந்தால் ஒன்றும் விளங்காது.

ஹார்ட் டிஸ்க்கைக் கம்ப்யூட்டரில் சொருகிவிட்டு, இதோ வரும், இதோ வரும் என்று ஸ்கிரீனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்களே, அந்த உங்களுக்குத்தான் சொல்கிறேன். நான் எட்டாவதோடு நின்றவன். கோலார் தங்க வயலில் பிறந்து பீன்யா தொழிற்பேட்டைக்கு வந்து, ஒரு மோட்டார் கம்பெனியில் பேரிங் சத்தம் பார்க்கிற வேலையில் இருபது வருஷத்துக்கு மேல் இருந்தேன். ஸ்குரூடிரைவர் முனையை மோட்டார் மேல் வைத்து, பிடியைக் காதோரம் எலும்பில் அழுத்தினால் போதும், உள்ளே எது தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவேன். கம்பெனியை மூடினார்கள். அக்கா மகன் விக்டர் அதே பீன்யாவில் வைத்திருக்கும் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையில் வந்து சேர்ந்தேன். அவன் ஸ்கிரீனைப் பார்ப்பான், நான் காதை வைப்பேன்.

ஹார்ட் டிஸ்க்குக்குள்ளும் ஒரு மோட்டார்தானே. சீராக ஓடுகிற சத்தம் வந்தால் கேபிளைப் பார்க்க வேண்டும். டிக், டிக் என்று தட்டினால் உள்ளே படிக்கிற முள் போய்விட்டது. கீச்சென்று முனகினால் சுற்ற முடியாமல் மாட்டிக்கொண்டிருக்கிறது. டிஸ்க் பொய் சொல்லாது. அதைக் கொண்டு வருகிறவர்கள் விஷயம் வேறு.

பின் உள்ளே போனது

பிளாஸ்டிக் கம்பெனி ஒன்றில் கணக்கு எழுதுகிறவர், பெரிய சைஸ் ஹார்ட் டிஸ்க் ஒன்றை மேசை மேல் வைத்தார். நேற்றுவரை வந்தது, இன்றைக்குக் கம்ப்யூட்டரில் தெரியவில்லை. என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். "நானேனூ மாடில்லா," என்றார். கன்னடமோ தமிழோ, ஒன்றுமே செய்யவில்லை என்றுதான் எல்லோரும் ஆரம்பிப்பார்கள்.

காதை வைக்கவே வேலையில்லை. மூக்கே சொல்லிவிட்டது, போர்டு கருகிய வாசனை. அந்த டிஸ்க்குக்குத் தனி அடாப்டர் உண்டு. அது தொலைந்து போக, மனுஷர் லேப்டாப் சார்ஜரை எடுத்துச் சொருகியிருக்கிறார். கரண்ட் ஏறத்தாழ இரண்டு பங்கு. அதைச் சொன்னேன். அவர் என்னைக் குற்றவாளி மாதிரி பார்த்துவிட்டுத் தமிழுக்கு மாறினார்: "பின் கரெக்டா உள்ள போச்சு சாமி. பொருந்தாததுன்னா அது எதுக்கு உள்ள போகணும்?"

கல்யாண வீடியோ

மல்லேஸ்வரத்திலிருந்து ஒரு ஸ்டுடியோக்காரர் மெட்ரோ பிடித்து வந்தார். கல்யாண வீடியோ முழுக்க ஒரே டிஸ்க்கில், வேறு காப்பி கிடையாது. சொருகினதும் கம்ப்யூட்டர், ஃபார்மட் செய்யட்டுமா என்று கேட்டிருக்கிறது. "அவ்வளவு மரியாதையாக் கேட்டுச்சுண்ணே," என்றார். சரி என்று அமுக்கிவிட்டார். அதோடு விட்டாரா, வேறொரு கல்யாணத்தையும் அதன் மேலேயே ஏற்றிவிட்டார்.

விக்டர் மூன்று நாள் தேடினான். பந்தி வந்தது, ஊர்வலம் வந்தது, தாலி கட்டினது மட்டும் வரவில்லை. நாலாம் நாள் பெண்ணின் அப்பா எங்கள் கடை வாசலில் வந்து நின்று கத்தினார். நாங்கள்தான் அழித்துவிட்டோமாம். ஸ்டுடியோக்காரருக்குப் போன் போட்டு, ஏனய்யா இப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். அவர் சுற்றி வளைக்கவே இல்லை: "உங்க பேரைச் சொல்லாம என் பேரையா சொல்வேன்? எனக்குத் தொழில் நடக்கணுமேண்ணே."

டிஸ்க் வேண்டாம், டப்பா போதும்

பக்கத்துத் தெருவில் தகடு அடிக்கிற கம்பெனி ஒன்று உண்டு. அங்கே ஸ்டோர் சூப்பர்வைசர் ஒருவர். ஸ்டோரோடு, ஆபீஸ் கம்ப்யூட்டர், கேமரா எல்லாமே அவர் கையில். பெயர் வேண்டாம், கெட்டிக்காரர் என்றே வைத்துக்கொள்வோம். கடைக்குள் நுழைந்ததும் தரையில் கிடந்த ஒரு ஸ்குரூவைக் குனிந்து எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டார். நான் பார்க்கிறேன் என்று தெரிந்ததும் சிரித்துக்கொண்டே மேசை மேல் வைத்தார். "ஸ்டோர் பழக்கம், பெரியவரே. கீழ கிடந்தா மனசு கேக்காது."

அவருக்கு ஹார்ட் டிஸ்க்கைப் போட்டு வெளியில் மாட்டுகிற டப்பா மட்டும் வேண்டுமாம், டிஸ்க் வேண்டாம். நீல நிறத்தில் ஒன்று எடுத்துக் கொடுத்தேன். டிஸ்க் எவ்வளவு கனம் இருக்கும் என்று கேட்டார். செத்த டிஸ்க் ஒன்றைக் கையில் வைத்தேன். கறிக்கடையில் பார்க்கிற மாதிரி ஏற்றி இறக்கிப் பார்த்தார். உள்ளே டிஸ்க் இல்லாவிட்டாலும் டப்பாவில் லைட் எரியுமா என்றார். எரியும் என்றேன். எதற்கு இதெல்லாம் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நான் கேட்கவில்லை. அவர் சந்தோஷமாகக் கிளம்பினார்: "லைட் எரிஞ்சாப் போதும், பெரியவரே. மத்ததை ஜனங்களே நம்பிக்குவாங்க."

நிர்மலாவின் வியாழக்கிழமை

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து நிர்மலா வந்தாள். கார்மென்ட்ஸில் தையல் வேலை. அவளும் தங்க வயல் குடும்பம்தான். புருஷன் டேவிட், அந்தத் தகடு கம்பெனியில் பிரஸ் மெஷின் ஓட்டினவன். வலது கையில் மூன்று விரலை மெஷின் எடுத்துக்கொண்டது.

கை உள்ளே போகாமல் இருக்க அந்த மெஷினுக்கு இரும்பில் ஒரு தடுப்பு உண்டு. அன்றைக்கு அது இல்லை. வேலை சீக்கிரம் முடியட்டும் என்று டேவிட்டே காலையில் கழற்றிவிட்டான் என்கிறது கம்பெனி. இரண்டு வாரமாகவே தடுப்பு இல்லை, கழற்றச் சொன்னதே மேலே இருக்கிறவர்கள்தான் என்கிறான் டேவிட். அவன் தப்பு என்று ஆகிவிட்டால் வேலையும் இல்லை, நஷ்ட ஈடும் இல்லை. இரண்டு வாரத்து கேமரா படத்தைக் காப்பி எடுத்துக் கொடுங்கள் என்று லேபர் ஆபீசர் கம்பெனிக்குச் சொல்லியிருக்கிறார். அவர்கள் நிர்மலாவிடம் ஒரு ஹார்ட் டிஸ்க்கைக் கொடுத்துக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்கள். வியாழக்கிழமை விசாரணை. இது திங்கள்.

நிர்மலா பையிலிருந்து எடுத்தது நீல டப்பா. பிரௌசிங் சென்டரில் சொருகிப் பார்த்தாளாம், தங்கச்சி லேப்டாப்பில் பார்த்தாளாம், எதிலும் தெரியவில்லை. நாங்கள் கேபிளை மாற்றினோம். கம்ப்யூட்டருக்குப் பின்பக்கம் சொருகினோம். விக்டர் டிஸ்க் பட்டியல் முழுக்கத் தேடினான். எங்கேயும் இல்லை. நான் ஸ்குரூடிரைவரை வைத்தேன். செத்த மோட்டார்கூடக் கரண்ட் போனால் லேசாக ஒரு தரம் துடிக்கும். இதில் அதுவும் இல்லை. சத்தமே போடாத புது வகை டிஸ்க்கும் இப்போது இருக்கிறதுதான், ஆனால் அது இந்தக் கனம் இருக்காது. அந்தப் பெண் என் முகத்தையே பார்த்துக்கொண்டு சொன்னாள்: "லைட் எரியுதே அங்கிள். அப்போ உள்ள இருக்குன்னுதானே அர்த்தம்?"

மஞ்சள் பெயின்ட்

திறந்தோம். உள்ளே ஒரு துண்டுத் தகடு. அதன் மேல், ஆடாமல் இருக்கத் துணி சுற்றிப் பசை போட்டு ஒட்டின நான்கு நட்டு. மூடியின் உள்பக்கம், வாரண்டிக்காக விக்டர் ஒட்டுகிற சின்ன ஸ்டிக்கர். எங்கள் கடை டப்பா. என் கையால் எடுத்துக் கொடுத்தது.

டேவிட் அதுவரை உள்ளே வராமல், கையைத் துண்டால் மூடிக்கொண்டு தெருவிலேயே நின்றிருந்தான். நிர்மலா கூப்பிட்டாள். அவன் ஒரு நட்டை இடது கையால் எடுத்துத் துணியை உரித்துத் திருப்பிப் பார்த்தான். ஒரு பக்கம் மஞ்சள் பெயின்ட். தடுப்பில் போடுகிற நட்டுக்குத்தான் அங்கே மஞ்சள் அடிப்பார்களாம், யாரும் கழற்றக் கூடாது என்பதற்கு அடையாளம். அப்புறம் யாரையும் பார்க்காமல் சொன்னான்: "தடுப்பைத் திரும்ப மாட்டலாம்னு ரெண்டு வாரமா இந்த நாலு நட்டைத்தான் கேட்டுக்கிட்டு இருந்தேன் அங்கிள். ஸ்டோர்ல இல்லைன்னுட்டாங்க."

விக்டர் சொன்னது

டப்பாவை யாருக்கு விற்றேன் என்று லேபர் ஆபீசில் வந்து சொல்வதாக நிர்மலாவிடம் சொல்லிவிட்டேன். அவர்கள் போனதும் விக்டர் ஷட்டரைப் பாதி இறக்கினான். கெட்ட பையன் இல்லை அவன். மகளுக்கு ஸ்கூல், கடைக்கு வாடகை, எல்லாம் இந்தத் தெருக் கம்பெனிகளை நம்பித்தான். போகாதீங்க என்று நேராகவும் சொல்லவில்லை. கேபிளைச் சுருட்டிக்கொண்டே சொன்னான்: "மாமா, காதுக்குத்தான் உங்களை இங்க வெச்சிருக்கேன். வாயைத் திறந்தா நாளைக்கு வேற இடம் பாத்துக்குங்க."

லேபர் ஆபீஸ்

போனேன். மேசைக்கு அந்தப் பக்கம் ஆபீசர் அம்மா. இந்தப் பக்கம் ஒரு ஓரத்தில் நிர்மலா, டேவிட், நான்; மறு ஓரத்தில் கெட்டிக்காரர். நடுவில் நீல டப்பா, அதன் பக்கத்தில் நாலு நட்டு.

நான் டப்பா விற்ற கதையைச் சொன்னேன். கெட்டிக்காரர் கோபப்படவே இல்லை. ஆமாம் மேடம், வீட்டு போட்டோ வைக்க ஒரு டப்பா வாங்கினேன், அது வீட்டில் இருக்கிறது என்றார். கம்பெனி கொடுத்தது நல்ல டிஸ்க், இந்த ரிப்பேர் கடைக்காரர்கள்தான் அதை உருவிக்கொண்டு நட்டை வைத்துவிட்டார்கள் என்றார். ஸ்டுடியோக்காரர் ஞாபகம் வந்தது எனக்கு. டப்பாவைத் திறக்கும்போது போனில் படம் எடுத்தீர்களா என்று ஆபீசர் என்னைக் கேட்டார். எடுக்கவில்லை. வருஷக்கணக்காக இந்தத் தொழில் செய்கிறோம், அந்தப் புத்தி எங்களுக்கு வரவில்லை.

இன்னொரு காப்பி கொடுக்க முடியுமா என்று ஆபீசர் கெட்டிக்காரரைக் கேட்டார். கேமராவில் பழைய படத்தின் மேலேயே புதுப் படம் ஏறிவிடும், அந்த இரண்டு வாரம் இப்போது எங்கேயும் இல்லை என்றார் கெட்டிக்காரர், ரொம்ப வருத்தமாக. நட்டைக் காட்டி, இது உங்கள் கம்பெனியுடையதா என்று ஆபீசர் கேட்டார். அவர் ஒன்றைக் கையில் எடுத்து ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டு, எங்களுடையது இல்லை மேடம், இந்த மாதிரி எங்கள் ஸ்டோரிலேயே கிடையாது என்றார். மஞ்சள் பெயின்ட் எந்தக் கடையிலும் கிடைக்கும் என்றும் சேர்த்துக்கொண்டார். டேவிட் துண்டை எடுத்துவிட்டுக் கையை மேசை மேல் வைத்தான். அதை அவர் பார்க்கவில்லை.

ஆபீசர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, அடுத்த தேதி சொல்கிறேன், போகலாம் என்றார். எல்லோரும் எழுந்தோம். கெட்டிக்காரர் நாற்காலியைச் சரியாகத் தள்ளி வைத்தார். பேனாவைச் சட்டையில் சொருகினார். பிறகு, தன்னை அறியாமலே, மேசை மேல் இருந்த நட்டை ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தார்.

ஆபீசர் அம்மா தலையை நிமிர்த்தவில்லை. எழுதின பக்கத்தை மறுபடி திருப்பி, பேனா மூடியைக் கழற்றிக்கொண்டே கேட்டார்: "உங்க ஸ்டோர்லயே கிடையாதுன்னு சொன்னீங்களே சார்?"

ஒரு டிஸ்க்கை எந்தக் கம்ப்யூட்டருக்கும் தெரியாமல் செய்யத் தெரிந்த அந்தக் கெட்டிக்காரர், திரும்பி வந்து, சட்டைப் பையிலிருந்து நாலு நட்டையும் ஒவ்வொன்றாக எடுத்து, மஞ்சள் பக்கம் கீழே இருக்கும்படி மேசை மேல் வைத்தார்.